பச்சோந்தியின் நாக்கு எட்டவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் மொட்டைமாடியோடு ஒட்டிய வீட்டில் பத்து வருடமாகப் பச்சோந்தி வளர்க்கிறேன். இப்போது இருப்பது இரண்டாவது. ஏமன், சவூதி பக்கத்து இனமான வெய்ல்டு, ஆண், பெயர் சுப்பு. நான் டாக்டர் இல்லை. ஆனாலும் "நாக்கு சரியா வரலைங்க" என்று யாராவது போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முன்பு ஒரு முழம் தள்ளியிருந்த பூச்சியை அடிக்கும். இப்போது நாலு விரற்கடை தாண்டவில்லை. நாக்கில் ஏதாவது கோளாறா?

பெரும்பாலும் நாக்கில் கோளாறு இருக்காது, கால்சியத்தில்தான் இருக்கும். இப்படி யாராவது கேட்டால் நான் நாக்கைப் பற்றியே பேசுவதில்லை. மூன்று விஷயம் கேட்பேன். யூவிபி விளக்கு (கால்சியத்தை உடம்பு ஏற்க வேண்டிய வைட்டமின் டி உருவாக உதவும் புற ஊதாக் கதிர் தருவது) எப்போது வாங்கியது? பூச்சி மேல் என்ன பவுடர் தூவுகிறீர்கள்? அந்தப் பூச்சிகள் என்ன சாப்பிடுகின்றன? "விளக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் நல்லா எரியுதே" என்று பதில் வந்தால் விஷயம் பாதி புரிந்துவிடும்.

தசை சுருங்கி விரிய கால்சியம் வேண்டும். ரத்தத்தில் அது குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். நாக்கைத் தாங்கும் நாவடி எலும்பும் எலும்புதானே, அதுவும் வலுவிழக்கும், வளையும். கை கால் கோணுவதற்கும் தாடை ரப்பர் போல ஆவதற்கும் முன்பே நாக்கின் வீச்சு குறைவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். உடம்பிலேயே அதிக வேகம் கேட்கும் உறுப்பு அது, முதலில் தடுமாறுவதில் ஆச்சரியம் இல்லை. கிளையைப் பிடிக்கும் பிடி தளர்ந்திருக்கிறதா, நடக்கும்போது கை நடுங்குகிறதா, முன்கை வில் மாதிரி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள்.

அந்த நாக்கு எப்படித்தான் வேலை செய்கிறது?

இதைத் தெரிந்துகொண்டால் மற்ற கேள்விகளில் பாதி தானாகவே தீரும். நாவடி எலும்பிலிருந்து முன்பக்கம் ஒரு முள் நீண்டிருக்கும். அதை உறைபோலச் சுற்றி ஒரு குழாய்த் தசை. முள்ளுக்கும் தசைக்கும் நடுவே கொலாஜன் உறைகள் அடுக்கடுக்காக இருக்கும். தசை இறுகும்போது அந்த உறைகள் வில்லின் நாண் போல விசையைச் சேர்த்து வைக்கும். தசை முள்ளின் நுனியை விட்டு வழுக்கியதும் அத்தனை விசையும் ஒரேயடியாக வெளியே வரும். வேப்பம்பழத்தை இரண்டு விரலால் பிதுக்கினால் கொட்டை தெறிக்குமே, அதே கதைதான். உடம்பின் நீளத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம்வரை போகும்.

நுனியில் இருக்கும் பசை மனித எச்சிலைவிட ஏறக்குறைய 400 மடங்கு கெட்டியானது என்று 2016-ல் அளந்து சொன்னார்கள். அப்புறம் முள்ளைச் சுற்றி மடிந்து கிடக்கும் இன்னொரு தசை இரையோடு சேர்த்து நாக்கை உள்ளே இழுக்கும்.

ஆக எய்வது, ஒட்டுவது, இழுப்பது என்று மூன்று வேலை. எதில் தவறுகிறது என்று முதலில் கவனியுங்கள். போனில் ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்தால் தெளிவாகத் தெரியும். டாக்டருக்கும் நீங்கள் வாயால் சொல்வதைவிட அந்த வீடியோ உபயோகம்.

நாக்கு பூச்சியைத் தொடுகிறது, ஆனால் ஒட்டாமல் திரும்புகிறது. இது வேறு பிரச்சினையா?

வேறுதான். இங்கேதான் வைட்டமின் ஏ வருகிறது. வாய், கண், மூக்கு, மூச்சுக்குழாய் எல்லாவற்றுக்கும் உள்ளே ஈரமான சவ்வு இருக்கிறது. அதைச் சவ்வாகவே வைத்திருப்பது வைட்டமின் ஏ. அது குறைந்தால் சளி சுரக்கும் செல்கள் காய்ந்து, தோலின் மேல்பகுதிபோலத் தடித்துப் போகும். நமக்கு மாலைக்கண் வரும் அதே குறைபாடு. பச்சோந்திக்கு நாக்கு நுனியின் பசை போகும், கண்ணிமை வீங்கும், தோல் உரிவது துண்டு துண்டாகத் தடைப்படும், வாய்க்குள் எளிதில் புண் வரும்.

ஆனால் ஒட்டவில்லை என்றாலே வைட்டமின் ஏ என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் தண்ணீர். உடம்பில் நீர் வற்றினாலும் எச்சில் வற்றும். கண் குழிக்குள் போயிருக்கிறதா, கழிவில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சாக இருக்கிறதா? அப்படியானால் முதலில் தண்ணீர்ப் பிரச்சினையைச் சரிசெய்யுங்கள். பச்சோந்தி கிண்ணத்தில் இருக்கும் தண்ணீரைக் கண்டுகொள்ளாது, இலையில் சொட்டுவதைத்தான் நக்கும். சொட்டு நீர்க் குழாய் வைத்திருப்பவர்கள் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். நம்ம ஊர் போர் தண்ணீரின் உப்பு படிந்து வாரக்கணக்கில் அடைத்திருக்கும். என் வீட்டில் நடந்திருக்கிறது. சொட்டுகிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், அது சொட்டவில்லை.

இன்னொன்று, தரையில் தேங்காய் நார்த்தூள் பரப்பியிருந்தால் அது நாக்கு நுனியில் அப்பிக்கொள்ளும். எடுத்துவிடுங்கள், தரைக்கு எதுவுமே தேவையில்லை.

கண் வீங்கியிருக்கிறது. வைட்டமின் ஏ குறைவுதானே?

இருக்கலாம். தூசி விழுந்திருக்கலாம், கிருமித் தொற்றாக இருக்கலாம், விளக்கு மிக அருகில் இருந்து சுட்டிருக்கலாம். இரண்டு கண்ணும் சேர்ந்து வீங்கி, நாக்கும் ஒட்டாமல், தோலும் சரியாக உரியாமல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஒரு கண் மட்டும் என்றால் வேறு காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும்.

பூச்சிகளுக்கு கேரட் போடுகிறேன். வைட்டமின் ஏ அதிலேயே இருக்குமே?

கேரட்டில் இருப்பது பீட்டா கரோட்டின். நம் உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூச்சி தின்னும் பச்சோந்திகளும் அதே அளவுக்கு மாற்றிக்கொள்ளும் என்று நம்பி உட்கார முடியாது. அதனால்தான் ரெட்டினால் என்ற நேரடி வடிவம் கலந்த மல்டிவைட்டமின் பவுடரை அவ்வப்போது தூவச் சொல்கிறார்கள். வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கம் "வைட்டமின் ஏ" என்று பெரிதாகப் போட்டுவிட்டு உள்ளே பீட்டா கரோட்டின் மட்டும் வைத்திருக்கும் பவுடர்களும் உண்டு.

அதற்காக கேரட்டை நிறுத்த வேண்டாம். பூச்சியின் வயிற்றில் நல்லது இருப்பது எப்போதும் நல்லதுதான்.

மெடிக்கல் ஷாப்பில் வைட்டமின் ஏ எண்ணெய் கேப்ஸ்யூல் கிடைக்கிறது. ஒரு சொட்டு கொடுத்தால் என்ன?

கொடுக்காதீர்கள். இதை நான் செய்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் பச்சோந்தி வைத்திருந்த காலம். கண் லேசாக உப்பியிருந்தது, நாக்கு இரண்டில் ஒருமுறை ஒட்டவில்லை. எங்கோ படித்ததை நம்பி, மனிதர்களுக்கான எண்ணெய் கேப்ஸ்யூலை ஊசியால் குத்தி, மூன்று நாள் தினம் ஒரு சொட்டு பூச்சி மேல் விட்டேன். கண் உப்பல் குறைந்தது. ஆகா என்று இருந்தேன். பத்து நாள் கழித்து அக்குளில் தோல் உரிய ஆரம்பித்தது. சாதாரண உரிதல் இல்லை, அடியில் சிவப்பாகப் பச்சைப் புண். சாப்பாடும் நின்றது. டாக்டர் நான் சொன்னதைக் கேட்டதும் கணக்குப் போட்டுக் காட்டினார். கேப்ஸ்யூலில் 25,000 யூனிட், என் பச்சோந்தியின் எடை 110 கிராம். நம் ஊர் செவிலியர்கள் 9 மாதக் குழந்தைக்குக் கொடுக்கும் வைட்டமின் ஏ சிரப்பே 1 லட்சம் யூனிட்தான். அந்தக் குழந்தை எட்டு கிலோ இருக்கும். நான் விட்டது ஒரு சொட்டுதான் என்றாலும், என்ன உடம்புக்கு விட்டேன் என்பதுதான் விஷயம். அது தேறி வர இரண்டு மாதம் ஆனது.

வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது. மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது, கல்லீரலில் சேர்ந்துகொண்டே போகும். அதோடு அளவு மீறிய வைட்டமின் ஏ, வைட்டமின் டி செய்ய வேண்டிய வேலையையும் கெடுக்கும். நாக்கைச் சரிசெய்யப் போய் எலும்பைக் கெடுத்துக்கொள்வீர்கள். ஊசி இன்னும் ஆபத்து, அது டாக்டர் எடை பார்த்துப் போட வேண்டியது.

ஆட்டு ஈரல், கோழி ஈரல் துளி கொடுக்கலாமா? அது இயற்கையானதுதானே?

மேலே சொன்ன அதே பதில். ஈரலில் ரெட்டினால் எக்கச்சக்கம், ஒரு துளியில் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. இயற்கை என்பதால் அளவு தெரிந்துவிடாது.

சரி, எந்தப் பவுடரை எத்தனை நாளுக்கு ஒருமுறை?

சுப்புவுக்கு நான் செய்வது இதுதான், பரவலாக வளர்ப்பவர்களின் வழக்கமும் ஏறக்குறைய இதுவே. வைட்டமின் டி3 கலக்காத வெறும் கால்சியம் கிட்டத்தட்ட ஒவ்வொரு வேளையும், லேசாக. டி3-யும் ரெட்டினாலும் உள்ள மல்டிவைட்டமின் மாதத்தில் இரண்டு முறை. அவ்வளவுதான். பூச்சி விபூதி பூசிய மாதிரி மெல்லிசாக இருந்தால் போதும், மாவில் புரட்டிய பஜ்ஜி மாதிரி இருக்கக் கூடாது. பவுடர் நெடி பிடிக்காமல் சாப்பிட மறுக்கும் பச்சோந்திகள் உண்டு. திறந்த டப்பாவை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் வைட்டமின்கள் சீக்கிரம் வீரியம் இழக்கும்.

வளரும் குட்டிக்கும் முட்டை சுமக்கும் பெண்ணுக்கும் இந்தக் கணக்கு மாறும். வெய்ல்டு பெண் ஆண் துணையே இல்லாவிட்டாலும் முட்டையிடும், ஒவ்வொரு முறையும் உடம்பிலிருந்து கால்சியம் பெருமளவு போகும். பெண் பச்சோந்தியின் நாக்கு திடீரெனத் தளர்ந்தால் முட்டை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சென்னை வெயில் போதாதா? விளக்கு எதற்கு?

வெயில் போதும், அது உண்மையில் மேல் பட்டால். பெரும்பாலான வீடுகளில் படுவதில்லை. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தில் யூவிபி கிட்டத்தட்ட இருக்காது. கண்ணாடிக்குப் பின்னால் கூண்டை வைத்துவிட்டு "தினமும் வெயில் படுது" என்கிறார்கள், படுவது சூடு மட்டும்தான். பால்கனிக்குப் போட்டிருக்கும் கொசுவலையும் ஒரு பங்கைத் தடுக்கும்.

மொட்டைமாடி இருந்தால் காலை எட்டிலிருந்து ஒன்பதரைக்குள் இருபது, முப்பது நிமிடம் வலைக் கூண்டில் வைக்கலாம். பாதிக் கூண்டில் நிழல் கட்டாயம் வேண்டும், செடியோ ஈரத் துணியோ. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். அக்னி நட்சத்திரத்தில் நான் எட்டரைக்கே கீழே இறக்கிவிடுவேன். கூடவே நின்றுகொள்ளுங்கள். நம் ஊர்க் காக்கைகளுக்கு வலைக் கூண்டு ஒரு பொருட்டே இல்லை.

வெயில் கிடைக்காத வீட்டுக்கு டி5 (T5) வகை யூவிபி குழல் விளக்கு வேண்டும். கண்ணுக்கு எரிவது தெரிந்தாலும் யூவிபி நாளடைவில் குறையும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றிவிட வேண்டும். வாங்கிய தேதியை விளக்கின் ஓரத்திலேயே மார்க்கரில் எழுதி வையுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் நாக்கு மந்தமாகிறது. ஏன்?

ஐப்பசி, கார்த்திகையில் எனக்கு வரும் போன்கள் கூடும். வாரக்கணக்கில் மேகமூட்டம், மொட்டைமாடிக்குப் போக வழியில்லை, நடுவில் கரண்ட் கட். வெயிலை மட்டும் நம்பியவர்கள் அப்போது மாட்டிக்கொள்வார்கள். கூடவே குளிரும் ஒரு காரணம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எய்வது விசைச் சேமிப்பால் நடப்பதால் குளிரில் அவ்வளவாகக் குறையாது. இழுப்பது முழுக்கத் தசை வேலை என்பதால் உடம்பு குளிர்ந்தால் வெகுவாகத் தளரும். அதனால் ஏசி அறையில் நாக்கு ஒழுங்காகப் போய், திரும்பும்போது மட்டும் சோம்பினால் உடனே பயப்படாதீர்கள். விளக்குச் சூட்டில் ஒரு மணி நேரம் காய்ந்த பிறகு இரை வைத்துப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

நாக்கு வெளியே தொங்குகிறது, உள்ளே போகவில்லை!

இது அவசரம். மற்றதை அப்புறம் படியுங்கள்.

இழுக்காதீர்கள், உள்ளே திணிக்காதீர்கள். கொதித்து ஆறிய தண்ணீரையோ மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சலைனையோ நாக்கின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டு ஈரமாகவே வைத்திருங்கள். காய்ந்தால் தசை செத்துவிடும். தானே கடித்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. ஈரமான மெல்லிய துணி விரித்த சின்னப் பெட்டியில், கிளையில் மாட்டிக்கொள்ளாதபடி வைத்து டாக்டரிடம் கொண்டுபோங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது.

இழுக்கும் தசை பிய்ந்திருந்தால், அல்லது வலையிலோ கண்ணாடியிலோ ஒட்டிய நாக்கை யாராவது பயந்துபோய்ப் பிய்த்தெடுத்திருந்தால் இப்படி ஆகும். பூச்சியைக் கையில் பிடித்து, நாக்கு ஒட்டிய பிறகும் விடாமல் வைத்திருப்பவர்களாலும் ஆகும். விளையாட்டு என்று நினைக்கிறார்கள்.

நாக்கை வெட்டிவிட்டால் உயிரோடு இருக்குமா?

இருக்கும். நாக்கு இழந்த பச்சோந்திகள் கிண்ணத்தில் வாய் வைத்துத் தின்னவும், கையிலிருந்து வாங்கிக்கொள்ளவும் பழகி நெடுநாள் வாழ்ந்திருக்கின்றன. ஆரம்பத்தில் பல நாள் ஊட்ட வேண்டும், பொறுமை வேண்டும். ஒரு அகலமான கிண்ணத்தை எப்போதும் ஒரே உயரத்தில், அது உட்காரும் கிளைக்கு நேரே மாட்டி வையுங்கள்.

வாய் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ இருக்கிறது.

வாய்ப்புண்ணாகவோ, வாய் மூலையில் இருக்கும் சுரப்பியில் சீழ் பிடித்ததாகவோ இருக்கும். ஊர்வனவற்றின் சீழ் ஒழுகாது, பாலாடைக்கட்டி போலக் கெட்டியாக இருக்கும். அதனால் தானாக வடிந்து ஆறும் என்று காத்திருக்க முடியாது. நகத்தால் சுரண்ட வேண்டாம், டாக்டர் எடுக்கட்டும். வைட்டமின் ஏ குறைந்த உடம்பில் இது திரும்பத் திரும்ப வரும்.

வைட்டமின் பி1 குறைந்தாலும் நாக்கு போகும் என்கிறார்களே?

நரம்புக்கும் தசைக்கும் பி1 தேவை. பலவகைப் பூச்சியும் மல்டிவைட்டமினும் கொடுத்தால் தனியாக யோசிக்க வேண்டியதில்லை.

பூச்சிக்கு இங்கே என்ன கிடைக்கும், என்ன போடலாம்?

கொளத்தூர் பக்கம் வண்ணமீன் கடைகளில் விசாரித்தால் கிரிக்கெட் பூச்சி, சூப்பர் வார்ம் புழு கிடைக்கும். ஆனால் கடையிலிருந்து வரும் பூச்சி பெரும்பாலும் பட்டினிப் பூச்சி. கிரிக்கெட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதை அப்படியே போடுவது குழந்தைக்கு வெறும் பொரி கொடுத்து வளர்ப்பது மாதிரி. வாங்கியதும் ஒன்றிரண்டு நாள் வைத்து ஊட்டம் கொடுங்கள்.

இந்த விஷயத்தில் நமக்குக் குறையே இல்லை. முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் கால்சியத்துக்கு அருமை. மஞ்சள் பூசணி, பப்பாளி, கேரட் சேர்க்கலாம். பாலக் மாதிரிக் கீரைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும். எல்லாவற்றையும் நன்றாக அலசிப் போடுங்கள், பூச்சிமருந்து முதலில் பூச்சியைத்தான் கொல்லும். சாக்கடைக் கரப்பான் வேண்டவே வேண்டாம். வயலோரம் பிடித்த வெட்டுக்கிளியையும் மருந்தடித்த இடமா என்று தெரியாமல் போடாதீர்கள். பட்டுப்புழு கிடைத்தால் விடாதீர்கள், மென்மையானது, நாக்கு தளர்ந்த பச்சோந்தியும் எளிதாகத் தின்னும்.

எந்த டாக்டரிடம் போவது? என்ன செய்வார்கள்?

நாய், பூனை மட்டும் பார்ப்பவரிடம் போனால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். ஊர்வன பார்ப்பீர்களா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள். 1903-ல் தொடங்கிய, வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் விசாரிக்கலாம். எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது, நாவடி எலும்பு வளைந்திருக்கிறதா என்று தெரியும். ரத்தத்தில் கால்சியம் பார்ப்பார்கள். வைட்டமின் ஏ-வுக்கு அப்படி எளிய டெஸ்ட் கிடையாது, அது சேர்ந்திருப்பது கல்லீரலில். நீங்கள் சொல்லும் கதையை வைத்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். ஆகவே பவுடர் டப்பா, விளக்கின் பெட்டி, வீடியோ மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். வாயைத் திறக்க நீங்களே முயன்று பார்த்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

என்னுடையது ஊரில் வேலியில் பிடித்தது. அதற்கும் இதேதானா?

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை இதுதான். நம் ஊர்ப் பச்சோந்தி 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். வைட்டமின் பற்றி யோசிப்பதற்கு முன் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். நாக்கு வேலை செய்யாத நிலையில் புதரில் விட்டுவிட்டு வந்தால் அது பட்டினியில் சாகும்.

வெளிநாட்டு இனத்துக்கும் சட்டம் உண்டு. வெய்ல்டும், பேந்தர் என்ற இன்னொரு இனமும், அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை. 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். காகிதம் இல்லாமல் "சும்மா கொடுக்கிறோம்" என்று வருவதை வாங்காதீர்கள்.

பச்சோந்தி என்று கொடுத்தார்கள், நாக்கையே நீட்டவில்லை. தலை மட்டும் சிவக்கிறது.

அது ஓணான். கால் விரல்களைப் பாருங்கள். பச்சோந்திக்கு இடுக்கி மாதிரி இரண்டு கொத்தாக இருக்கும், ஓணானுக்கு விரல்கள் தனித்தனி. அதன் நாக்கு அவ்வளவுதான் வரும், அதற்கு ஒரு குறையும் இல்லை. பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.